பெயரை வாழ்வித்தல்: எகிப்திய ஈமச் சிற்பங்களின் மறுமைச் சொற்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பகுதிக்கு வருவோரில் பலர் அங்குள்ள பதப்படுத்தப்பட்ட உடலைக் காணவே வருகின்றனர். அதனை அவர்கள் 'மம்மி' என்னும் ஒற்றைச் சொல்லால் அறிவர். இச்சொல் எகிப்திய மொழிச் சொல் அன்று. மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியாக, நிலக்கீலைக் குறிக்கும் 'மூமியா' என்னும் அரபுச் சொல்லாகி, மருந்துச் சரக்கின் பெயராக ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் மனித உடலின் பெயராக மாறியது அது. எகிப்தியர் அவ்வுடலை 'சாஹ்' என்றனர். மேன்மையையும் மதிப்பையும் குறிக்கும் சொல்லும் அதே வடிவினது. மேன்மையுற்ற ஒருவராக அம்மக்கள் கருதியவரை உலகம் ஒரு சரக்கின் பெயரால் அழைக்கிறது. தமிழில் இச்சொல் தாயை அழைக்கும் ஆங்கில வழக்குடனும் ஒலியால் ஒன்றி, மேலும் பொருள் குன்றுகிறது.

ஒரு சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் எகிப்திய மறுமைச் சொற்கள் பலவற்றுக்கும் நேர்ந்துள்ளது. கிரேக்கம், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கடந்து தமிழுக்கு வரும்போது, அவை 'ஆன்மா', 'சொர்க்கம்', 'மோட்சம்' என்னும் சில சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பாடநூல்கள், கலைக்களஞ்சியங்கள், அருங்காட்சியகக் குறிப்புகள் ஆகியவற்றைத் தமிழாக்குவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. எகிப்தியரின் வழிபாட்டுக் கற்சிற்பங்களோடும் ஈமச் சிற்பங்களோடும் தொடர்புடைய சில அடிப்படைச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருட்பரப்பையும், தமிழில் அவற்றுக்குப் பொருந்தும் சொற்களையும் பொருந்தாத சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கொல்கத்தாவும் எகிப்தும்

1784-இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் நிறுவிய ஆசியவியல் கழகத்தில், 1814-இல் டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலார் நத்தானியல் வாலிக்கின் முயற்சியால் அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது. இன்றைய இந்திய அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்ததே. மேற்குறித்த பதப்படுத்தப்பட்ட உடலை 1834-இல் லெப்டினன்ட் ஆர்ச்போல்டு என்னும் படை அலுவலர் கழகத்திற்கு அளித்தார். அப்போது கழகத்தின் செயலராக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப் ஆவார். சவுரங்கியில் இன்றுள்ள கட்டடம் 1878-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தை வங்க மக்கள் 'ஜாதுகர்', அதாவது மாயவீடு, என்பர். சென்னை அருங்காட்சியகத்தை அந்நாளைய மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்ததை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். காட்சிப் பொருளை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

எகிப்தின் ஈம வடிவங்கள் அவ்வுடலுக்கு முன்பே இந்நகரை அடைந்துவிட்டன. 1767-இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் பிரமிடு வடிவிலும் ஒற்றைக்கல் தூண் வடிவிலும் கல்லறைகள் பல உள்ளன. 1794-இல் மறைந்த ஜோன்ஸின் கல்லறையும் உயர்ந்த கூர்ந்தூண் வடிவினதே. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பு 1798-இல்தான் தொடங்கியது என்பதை நோக்க, இவ்வடிவங்கள் உரோமானியக் கலைமரபின் வழியே வந்தவை என்பது விளங்கும். 1828-இல் கட்டப்பெற்று, 1969-இல் சாகீத் மினார் எனப் பெயர் மாற்றப்பட்ட நினைவுத்தூணின் அடிப்பகுதியும் எகிப்தியப் பாணியில் அமைந்ததாகும். வடிவங்கள் எளிதில் பயணம் செய்தன. அவற்றின் சொற்கள் அவ்வாறு வந்து சேரவில்லை.

சொற்களை நோக்கிய பயணத்திலும் கல்கத்தாவுக்கு ஓர் இடமுண்டு. 1822-இல் ஷாம்போலியன் எகிப்தியப் பட எழுத்தின் முறையை வெளிப்படுத்தினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1837-இல், பிரின்செப் கல்கத்தாவில் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். சாஞ்சியின் தூண்களிலும் கைப்பிடிச் சுவர்களிலும் உள்ள சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அவை 'தானம்' என்னும் சொல்லாக இருக்கவேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்ததே திறவுகோலாயிற்று. ஒரு கொடை வாய்பாடு ஓர் எழுத்து மரபையே திறந்தது. எகிப்தியக் கற்சிற்பங்களிலும் அடிக்கடி காணப்படுவது ஒரு கொடை வாய்பாடுதான். அது பின்னர் விளக்கப்படும்.

தமிழரும் எகிப்தை அறியாதவரல்லர். செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே, குசைர் அல்-காதிம் ஆகிய பழந்துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் குசைரில் கிடைத்த 'பானை ஒறி' என்னும் எழுத்துப்பொறிப்பை 2007-இல் ஐராவதம் மகாதேவன் படித்து விளக்கினார். இவையனைத்தும் வாணிகத்தின் சொற்கள். மறுமை பற்றிய சொற்கள் அவற்றோடு வந்ததற்குச் சான்றில்லை.

2. சிலையும் சிற்பியும்

எகிப்தியச் சிலை நினைவுச்சின்னமாகவோ அழகுப்பொருளாகவோ மட்டும் படைக்கப்படவில்லை. இறந்தவருக்கு அழியாத ஓர் உடலாக அது அமைந்தது. பதப்படுத்திய உடல் கெட்டாலும் கல்லுடல் நிற்கும் என்பதே கருத்து. சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடையொட்டி, அரசன் ஜோசெரின் சுண்ணக்கல் சிலை மூடப்பட்ட ஒரு சிற்றறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. அதன் சுவரில் சிலையின் கண்மட்டத்தில் இரண்டு துளைகள் இருந்தன. சிலையைப் பிறர் காணும் வகையில் அவ்வறை அமையவில்லை. சிலை வெளியே காணவும், நறும்புகை உள்ளே செல்லவுமே அத்துளைகள் அமைந்தன.

சிற்பியைக் குறிக்கும் எகிப்தியச் சொற்களுள் ஒன்று 'சஆன்க்' என்பது. 'ஆன்க்' என்றால் வாழ்தல். முன்னொட்டாக வரும் 'ச' தன்வினையைப் பிறவினையாக்குவது. தமிழில் 'வாழ்' என்பது 'வாழ்வி' ஆவதுபோல எகிப்திய மொழியில் 'ஆன்க்' என்பது 'சஆன்க்' ஆகிறது. எனவே சிற்பி என்பவன் 'வாழ்விப்பவன்' ஆவான். தமிழில் பிறவினை விகுதி வினையடிக்குப் பின்னரும், எகிப்திய மொழியில் முன்னரும் வருவது மட்டுமே வேறுபாடு. சிலை வடித்தலைக் குறிக்க வழங்கும் மற்றொரு வினை 'மெஸ்' என்பதாகும். அதன் முதற்பொருள் ஈனுதல். இராமெசெஸ் என்னும் அரசப் பெயரில் உள்ளதும் இவ்வினையே. ஆகவே, 'சிலையை மெஸ் செய்தான்' என்ற தொடரைச் 'செதுக்கினான்' என்று பெயர்த்தால் தொழில் விளங்கும், நம்பிக்கை விடுபடும். 'படைத்தான்' என்பது இரண்டையும் ஓரளவு காக்கும். தமிழில் 'படை' என்னும் வினை ஆக்குதலையும், தெய்வத்திற்கும் முன்னோருக்கும் உணவு வைத்தலையும் ஒருங்கே குறிப்பது. எகிப்தியச் சிற்பம் இவ்விரு செயல்களுக்கும் நடுவில் நிற்பது என்பதால் இச்சொல் மொழிபெயர்ப்பாளருக்குப் பெருந்துணையாகும்.

சிலைவகைகளின் பெயர்களும் கருதத்தக்கவை. நடு அரசுக் காலம் முதல் காணப்படும் ஒருவகைச் சிலையில், முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை அவற்றின்மேல் மடக்கி, போர்வை போர்த்து ஒருவர் அமர்ந்திருப்பார். உருவம் ஏறக்குறையக் கனசதுரமாகத் தோன்றும். ஆங்கில வழியாகப் பெயர்ப்போர் இதனைக் 'கட்டைச் சிலை' என்பது பொருந்தாது. 'குத்துக்காலிட்ட சிலை' என்று எந்தத் தமிழரும் அதனைச் சொல்லிவிடுவர். இச்சிலைகள் பெரும்பாலும் கோயில் முற்றங்களில் வைக்கப்பட்டன. வாயிலருகே காத்திருக்கும் ஓர் அடியவரின் இருக்கை அது. புதிய அரசுக் காலத்தில் பரவிய மற்றொரு வகையில், மண்டியிட்ட ஒருவர் தெய்வ உருவுடைய சிறு மாடத்தைத் தம் முன்னே ஏந்தியிருப்பார். இதனை 'மாடம் ஏந்திய சிலை' எனலாம். தமிழகக் கோயில்களில் விளக்கேந்தி நிற்கும் பாவை விளக்கு இதற்கு அணித்தானது. கொடையளித்தவர் இல்லாதபோதும் அவருடைய பணி இடையறாது நடைபெற வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கருத்து.

3. 'ஆன்மா' என்னும் சொல்லின் இடர்ப்பாடு

எகிப்தியர் மனிதனை உடல், உயிர் என இரண்டாகப் பகுக்கவில்லை. உடல், நெஞ்சு, நிழல், பெயர், கா, பா, ஆக் எனப் பல கூறுகள் அவர்கள் நூல்களில் வருகின்றன. இவற்றுள் இறுதி மூன்றும் தமிழில் 'ஆன்மா' என்றோ 'ஆவி' என்றோ வேறுபாடின்றிப் பெயர்க்கப்படுகின்றன.

உயர்த்திய இரு கைகளின் வடிவால் எழுதப்படுவது 'கா'. அது ஒருவர் பிறக்கும்போதே உடன் தோன்றுவது, உணவால் நிலைப்பது. அச்சொல்லோடு தொடர்புடைய பன்மை வடிவம் உணவையே குறிக்கும். இறத்தலை 'தன் காவிடம் செல்லுதல்' என்று கூறுவது எகிப்திய வழக்கு. படையல் வைக்கப்படுவதும், சிலை உறைவிடமாவதும் காவுக்கே. 'பா' என்பது மனிதத் தலையுடைய பறவையாகக் காட்டப்படுவது. கல்லறையிலிருந்து வெளியே பறந்து சென்று மீண்டும் உடலை அடையும் ஆற்றல் உடையது. தெய்வங்களுக்கும் பா உண்டு. அங்கு அது அத்தெய்வத்தின் வெளிப்பாட்டைக் குறிக்கும். 'ஆக்' என்பது பிறவிக்கூறு அன்று. உரிய சடங்குகளுக்குப் பின் இறந்தவர் அடையும் ஒளிமிக்க, ஆற்றல்வாய்ந்த நிலை அது. சுருங்கக் கூறின், கா உண்பது, பா செல்வது, ஆக் ஆவது.

'ஆன்மா' என்னும் சொல் தமிழில் வெறுஞ்சொல் அன்று. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களுள் ஒன்றாகவும், வேதாந்தத்தில் வேறுவகையாகவும் வரையறுக்கப்பட்டது. அது உண்பதில்லை, பசிப்பதில்லை, கல்லில் குடியிருப்பதுமில்லை. மேலும் பிறவிச் சுழற்சியும் வீடுபேறும் அச்சொல்லோடு உடன்வரும். எகிப்தியர் வேண்டியது பிறவியறுதல் அன்று; உண்டும் உழுதும் நீரில் படகு செலுத்தியும் வாழ்ந்த வாழ்க்கையின் தொடர்ச்சியையே அவர்கள் வேண்டினர். ஆகவே 'எகிப்தியர் ஆன்மாவின் மோட்சத்திற்காகச் சிலை வைத்தனர்' என்னும் தொடரில் சொற்கள் தமிழாக இருந்தும் செய்தி முற்றும் தவறாகிறது. 'ஆவி' என்பது பேயச்சத்தைத் தூண்டும். 'உயிர்' என்பது இறப்போடு உடலைவிட்டு நீங்குவதாகக் கொள்ளப்படும். எனவே கா, பா, ஆக் ஆகிய மூன்றையும் ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் விளக்கத்தொடர் சேர்ப்பதே தக்கது: 'உணவால் நிலைக்கும் உயிராற்றலாகிய கா', 'சென்று மீளும் பறவையுருவாகிய பா', 'ஒளிநிலையாகிய ஆக்'.

ஒலிபெயர்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 'கா' என்பது தமிழில் சோலையையும் காத்தலையும் குறிக்கும். 'பா' என்பது செய்யுள். இவ்வொலியொப்புமை தற்செயலானது. எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. இன்று ஒலிக்கும் உயிர்கள் ஆய்வாளர் வசதிக்காக இட்டுக்கொண்டவை. எகிப்திய மொழி ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. சிற்பிகளின் பட்டறையை எகிப்தியர் 'பொன்மாளிகை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். சுந்தர சோழனைக் கல்வெட்டுகள் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கின்றன. இரண்டையும் இணைத்து உறவு காண முயல்வது மொழியியலுக்கு அரண் செய்யாது. ஒப்புமை மொழிபெயர்ப்புக்குக் கருவியாகலாம், வரலாற்றுக்குச் சான்றாகாது.

4. படையல் வாய்பாடு

எகிப்தியச் சிலைகளிலும் நடுகற்களிலும் கல்லறைக் கதவுகளிலும் மிகுதியாகக் காணப்படும் தொடர் 'ஹெதெப்-தி-நெசு' எனத் தொடங்கும். 'அரசன் அளிக்கும் படையல்' என்பது இதன் பொருள். பட எழுத்தில் 'நெசு' என்னும் அரசனைக் குறிக்கும் சொல் முன்னே எழுதப்படும். பேச்சில் அது முதலில் வருவதில்லை. உயர்வு கருதி எழுத்தில் மட்டும் முன்வைக்கப்படுகிறது. எழுத்துவரிசையைச் சொல்வரிசையாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் பிழைபட வாய்ப்புண்டு.

வாய்பாட்டின் அமைப்பு ஏறத்தாழ நிலையானது. அரசனை அடுத்து ஒசிரிஸ், அனூபிஸ் போன்ற தெய்வத்தின் பெயர் வரும். அடுத்து ரொட்டி, பீர், காளை, பறவை, வெண்பளிங்குக் கலம், துணி எனப் படையற்பொருள்கள் பட்டியலிடப்படும். இறுதியில் 'இன்னாருடைய காவுக்காக' என்று இறந்தவரின் பதவியும் பெயரும் வரும். அரசன் தெய்வத்திற்கு அளிக்க, தெய்வத்திடமிருந்து இறந்தவர் பெறுகிறார் என்பது இதன் நடைமுறை. கோயிலில் இறைவனுக்குப் படைத்ததைப் பின்னர் அடியார் பெறும் தமிழக வழக்கை அறிந்தவருக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

'ஹெதெப்' என்னும் சொல் பாயின்மேல் வைத்த ரொட்டியின் வடிவால் எழுதப்படும். படையல் என்பதோடு நிறைவு, அமைதி, மனம் ஆறுதல் என்னும் பொருள்களும் அதற்குண்டு. 'ஆமென்ஹோதெப்' என்னும் பெயர் 'ஆமுன் நிறைவுற்றான்' எனப் பொருள்படும். உணவும் மனநிறைவும் ஒரே சொல்லாக அமைந்த இடம் இது. 'காணிக்கை', 'நன்கொடை', 'பலி' என்பவற்றைவிடப் 'படையல்' என்பதே இதற்குப் பொருந்தும். காணிக்கையில் உணவு இல்லை. பலியில் கொலை முந்துகிறது. படையலில் உணவும் முன்னோரும் உடன்வருகின்றனர். தொல்காப்பியம் கூறும் நடுகல் துறைகளிலும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்பவற்றை அடுத்துப் பெரும்படை இடம்பெறுகிறது என்பது நோக்கத்தக்கது.

படையற்பொருள்களின் பட்டியலுக்கு முன் 'பெரெத்-கெரு' என்னும் தொடர் வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குரலின் புறப்பாடு' என்பதாகும். பொருளை உண்மையில் வைக்காவிடினும், அதன் பெயரை வாயால் சொன்னாலே அது காவைச் சென்றடையும் என்று எகிப்தியர் நம்பினர். எனவே பல சிலைகளில் வழிச்செல்வோரை விளித்து, இவ்வாய்பாட்டைச் சொல்லுமாறு வேண்டும் பகுதி உள்ளது. செலவு ஏதுமில்லை, வாயின் மூச்சே போதும் என்பது அவ்வேண்டுகோளின் சாரம். இதனை 'வாய்ப்படையல்' எனத் தமிழாக்கலாம்.

இறந்தவரின் பெயரை அடுத்து 'மாஆ-கெரு' என்னும் அடைமொழி காணப்படும். ஒசிரிஸின் அவையில் நெஞ்சு நிறுக்கப்பட்டு, மெய்யுரைத்தவர் எனத் தீர்ப்புப் பெற்றவர் என்பது கருத்து. சொற்பொருள் 'குரலால் உண்மையானவர்'. ஆங்கில நூல்களைப் பின்பற்றிக் 'காலஞ்சென்ற' என்று பெயர்ப்பது தீர்ப்பையும் குரலையும் ஒருங்கே இழப்பதாகும். தமிழில் வாயின் உண்மையைக் குறிக்க 'வாய்மை' என்னும் சொல் உள்ளது. உள்ளத்தின் உண்மை உண்மை, வாயின் உண்மை வாய்மை, மெய்யின் உண்மை மெய்மை என்பது மரபான விளக்கம். 'மாஆ-கெரு' என்பதற்கு 'வாய்மையர்' என்பதனினும் நெருங்கிய சொல் கிடைத்தல் அரிது. நிறுக்கப்படும் உறுப்பை 'இதயம்' என்பதைவிட 'நெஞ்சு' என்பதே சிறப்பு. நெஞ்சு உறுப்பாகவும் மனமாகவும் சான்றாகவும் நிற்க வல்லது. தன் நெஞ்சே தனக்கெதிராகச் சான்று சொல்லலாகாது என்னும் மந்திரத்தை வண்டுருவக் கல்லில் பொறித்து உடலின்மேல் வைத்த எகிப்தியரின் கருத்தை அச்சொல் தாங்கும்.

5. வாய்திறப்பும் கண்திறப்பும்

சிலை வடிக்கப்பட்டவுடன் உயிர்பெறுவதில்லை. 'வெபெத்-ரா', அதாவது வாய்திறப்பு, என்னும் சடங்கு செய்யப்படல் வேண்டும். குருக்கள் தச்சரின் வாய்ச்சியை ஒத்த கருவியால் சிலையின் வாயைத் தொடுவர். பதப்படுத்திய உடலுக்கும் இதுவே செய்யப்பட்டது. சிற்பத் தொழிலின் கருவியே சடங்கின் கருவியாயிற்று என்பது கருதத்தக்கது.

கொல்கத்தாவின் குமார்த்துலியில் களிமண்ணால் துர்க்கை உருவங்களை வனையும் கலைஞர், மகாளய நாளில் உருவத்திற்குக் கண் எழுதும் மரபுடையவர். வங்கத்தில் இது 'சொக்குதான்', அதாவது கண்கொடை, எனப்படும். அதே நாளில் ஊக்ளி ஆற்றின் படித்துறைகளில் மக்கள் தம் முன்னோருக்கு நீர்க்கடன் ஆற்றுகின்றனர். உருவுக்கு உயிரூட்டலும் இறந்தோருக்கு ஊட்டுதலும் ஒரே நாளில் நிகழும் நகரம் இது. தமிழகத்திலும் கோயிற் படிமங்களுக்குச் சிற்பி கண் திறக்கும் சடங்கு உண்டு.

இவ்வொப்புமையால் கவரப்பட்டு 'வெபெத்-ரா' என்பதைக் 'கண்திறப்பு' என்று பெயர்ப்பது பொருந்தாது. இந்திய மரபில் தெய்வம் அடியவரைக் காண்பதே முதன்மை, ஆகவே கண். எகிப்திய மரபில் இறந்தவர் உண்பதும், ஒசிரிஸின் அவையில் பேசுவதுமே முதன்மை, ஆகவே வாய். தமிழரின் ஈமச் சடங்கில் வாய் இடம்பெறுவது வாய்க்கரிசியில். அது இறுதி உணவு, விடைகொடுக்கும் உணவு. எகிப்திய வாய்திறப்போ முடிவற்ற உணவுக்குத் தொடக்கம். உறுப்பு ஒன்றாயினும் நோக்கு எதிரானது. மற்றொரு வேறுபாடும் உண்டு. கண்பெற்ற துர்க்கை பத்தாம் நாளில் ஆற்றில் கரைக்கப்படுகிறாள். மண் மண்ணோடு சேர்வதே அங்கு நிறைவு. வாய்பெற்ற கல்லோ நிலைத்திருப்பதற்கென்றே படைக்கப்பட்டது.

6. மேற்றிசையார்

கதிரவன் மறையும் மேற்குத் திசையை எகிப்தியர் இறந்தோர் உலகாகக் கொண்டனர். இறந்தோரை 'மேற்கிலுள்ளோர்' என்றும், ஒசிரிஸை 'மேற்கிலுள்ளோரின் முதல்வன்' என்றும் அழைத்தனர். திருக்குறளில் இடம்பெறும் 'தென்புலத்தார்' என்னும் சொல்லை அறிந்த தமிழருக்கு, திசைப்பெயரால் முன்னோரைச் சுட்டுதல் எளிதில் விளங்கும். எனினும் 'தென்புலத்தார்' என்றே பெயர்ப்பது திசையை மாற்றிவிடும். இதற்கு மூன்று சொற்களைக் கருதலாம். 'மேற்புலத்தார்' என்பதில் 'மேல்' என்பது மேற்கையும் உயரத்தையும் ஒருங்கே குறிப்பதால் வானுலகத்தார் என்னும் பொருள் புகும். 'குடபுலத்தார்' என்பதில் இவ்விடர் இல்லை. ஆனால் குடபுலம் சங்க இலக்கியத்தில் சேரநாட்டைச் சுட்டி நிற்பது. 'மேற்றிசையார்' என்பது ஐயத்திற்கு இடமின்றித் திசையை உணர்த்துவதால் அதுவே கொள்ளத்தக்கது.

திசைச்சொற்களின் அடிப்படையும் மொழியியலாருக்குச் சுவையானது. எகிப்திய மொழியில் மேற்கும் வலப்பக்கமும் ஒரே வேரின. கிழக்கும் இடப்பக்கமும் அவ்வாறே. நைல் ஆறு வரும் தெற்கை நோக்கி நின்று அவர்கள் திசை வகுத்தமையே காரணம். வடமொழியில் 'தட்சிணம்' வலத்தையும் தெற்கையும் குறிப்பது கிழக்கை நோக்கி நிற்றலால். தமிழின் மேல், கீழ் என்பன நிலத்தின் ஏற்ற இறக்கத்தால் அமைந்தன. ஒவ்வொரு மொழியும் தன் நிலத்தில் நின்றே மறுமையின் திசையைக் காட்டுகிறது.

7. பொருட்பெயர்கள்

கல்லாலான ஈமப்பேழைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'தசை உண்பது' எனப் பொருள்படும். எகிப்தியர் அதனை 'வாழ்வின் தலைவன்' என்றனர். தமிழில் 'பிணப்பெட்டி' என்பது இரண்டாவது கருத்துக்கு மாறானது. தொல்லியலார் வழங்கும் 'ஈமப்பேழை' என்பது நடுநிலையானது. 'மஸ்தபா' என்னும் கல்லறைவகையின் பெயர் அரபியில் திண்ணையைக் குறிக்கும். அதனைத் 'திண்ணைக் கல்லறை' எனலாம். அரசர் நினைவுக் கோயிலைப் 'பள்ளிப்படை' என்போர் உளர். சோழர் பள்ளிப்படை புதைத்த இடத்தின்மேல் இலிங்கம் நிறுவி எழுப்பப்படுவது. எகிப்தின் புதிய அரசுக் காலத்தில் கல்லறை மலைப்பள்ளத்திலும் கோயில் ஆற்றையடுத்த சமவெளியிலுமாகப் பிரிந்திருந்தமையால் இச்சொல் முழுதும் பொருந்தாது. எகிப்தியர் வழங்கியவாறே 'பல்லூழி மாளிகை' எனலாம்.

கல்லறையில் வைக்கப்படும் சிறு உருவங்கள் 'உஷப்தி' எனப்படும். மறுமையில் உழவுப்பணிக்கு அழைப்பு வரும்போது இறந்தவருக்கு மாற்றாக 'இதோ உள்ளேன்' என்று விடையிறுக்க வேண்டியவை அவை. விடையிறுத்தல் என்னும் வினையோடு பிற்காலத்தார் இப்பெயரை இணைத்தனர். 'பொம்மை' என்பதினும் 'ஏவற்பாவை' என்பது பணியை உணர்த்தும். 'இறந்தோர் நூல்' என்று வழங்குவது, ஜெர்மானிய அறிஞர் லெப்சியுஸ் 1842-இல் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பே. எகிப்தியர் அதனைப் 'பகலில் வெளிப்படுதல்' என்றனர். இவ்வெளிப்படுதலைக் குறிக்கும் சொல்லே தெய்வம் கோயிலினின்று உலாச் செல்வதையும் குறிக்கும். தமிழில் 'புறப்பாடு' அவ்விரண்டையும் உணர்த்துமாதலின், 'பகற்புறப்பாட்டு நூல்' என்னும் பெயர் பொருந்தும்.

8. பெயர்

எகிப்தியச் சிலையில் முகத்தைவிடப் பெயரே முதன்மையானது. பழைய அரசர்களின் சிலைகளில் தம் பெயரைப் பொறித்து, இரண்டாம் இராமெசெஸ் அவற்றைத் தம்முடையன ஆக்கிக்கொண்டார். ஆமுனின் பெயரை ஆகெனாதென் கல்வெட்டுகளிலிருந்து வெட்டி அகற்றச் செய்தது அத்தெய்வத்தையே அகற்றும் முயற்சியாகும். பெயர் அழிந்தவர் இரண்டாம் முறை இறந்தவர் ஆவார்.

ஆகவே பெயரைக் காப்பது மகனின் கடமையாயிற்று. தந்தைக்குச் சிலையோ கல்லோ நிறுவிய மகன், 'அவர் பெயரை வாழ்விப்பவன்' என்று அக்கல்லிலேயே தன்னைக் குறித்துக்கொள்வான். இங்கு வரும் வினையும் முன்னர்க் கண்ட 'சஆன்க்' என்பதே. சிற்பியும் மகனும் ஒரே வினையால் சுட்டப்படுகின்றனர்: ஒருவர் உடலை வாழ்விக்கிறார்; மற்றவர் பெயரை வாழ்விக்கிறார். இதனை 'நினைவாக நிறுவினான்' என்று பெயர்ப்பது எளிது. ஆனால் அது போதாது. பாட்டன் பெயரைப் பெறுபவனைப் 'பெயரன்' என்றும், குடும்பத்தை விளங்கச் செய்பவனைப் 'பேர் சொல்லும் பிள்ளை' என்றும் வழங்கும் மொழியில், 'பெயரை வாழ்விப்பவன்' என்னும் தொடர் அயலானதாக ஒலிக்காது. எகிப்திய மறுமைச் சொற்களுள் விளக்கமின்றியே தமிழில் முழுப்பொருளோடு விளங்கக்கூடியது இதுவே எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கா, பா, ஆக், மாஅத் போன்று தத்துவப் பொருள் செறிந்த சொற்களை ஒலிபெயர்த்து விளக்கம் தருதலே தக்கது. அறம், ஒழுங்கு, வாய்மை ஆகிய மூன்றையும் தன்னுள் அடக்கிய மாஅத்துக்கு ஒரே தமிழ்ச்சொல் காண இயலாது. இரண்டாவதாக, சடங்கும் பொருளும் பற்றிய சொற்களுக்குத் தமிழரின் ஈம, கோயில் வழக்குகளிலிருந்தே சொற்கள் கொள்ளலாம்: படையல், வாய்ப்படையல், வாய்மையர், வாய்திறப்பு, மேற்றிசையார், ஏவற்பாவை, புறப்பாடு, குத்துக்காலிட்ட சிலை, திண்ணைக் கல்லறை. மூன்றாவதாக, தமிழ்ச்சொல் இயல்பாக வந்து பொருந்தும் இடத்திலேயே மொழிபெயர்ப்பாளர் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். வாய்க்குக் கண்ணும், மேற்குக்குத் தெற்கும், காவுக்கு ஆன்மாவும் எளிதில் வந்து அமர்ந்துவிடும்.

எகிப்தியரின் நம்பிக்கைப்படி, கல்லின்முன் நிற்பவர் அதிலுள்ள பெயரை வாய்விட்டுப் படித்தாலே படையல் சென்று சேரும். படிப்பவருக்கு விளங்கும் மொழியில் அக்கல்லின் சொற்கள் அமையவேண்டும் என்பது இதனுள் அடங்கிய நிபந்தனை. கொல்கத்தா, ஹைதராபாத், ஜெய்ப்பூர், வதோதரா ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் எகிப்தியரின் உடல்கள் உள்ளன. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்பு, சரக்கின் பெயரால் தொடங்காமல், பெயர் தெரிந்த இடத்தில் அம்மனிதரின் பெயரால் தொடங்குமாயின், மொழிபெயர்ப்பாளரும் பெயரை வாழ்விப்பவருள் ஒருவராவார்.